ஒரு கிளைக்காக மரத்தையே கேட்டவர்

எவாரிஸ்துவுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கிளை. வீட்டுக் கூரைமேல் நீண்டு, தொடங்கும் இடத்தில் பிளந்து, இன்றைக்கா நாளைக்கா என்று தொங்கிக்கொண்டிருந்த கிளை. அதை வெட்ட அனுமதி கேட்கத்தான் மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறினார். ஆனால் அவர் சந்தைக்காரர். லிஸ்பனுக்குத் தெற்கே உள்ள அலென்தெஜுவின் சந்தைகளில் காலமெல்லாம் மாட்டு மணி விற்றவர். வேண்டியதை வேண்டிய அளவில் கேட்பவனை அந்தச் சந்தைகளில் பரிதாபமாகப் பார்ப்பார்கள். ஒரு மணி வேண்டுமென்றால் வண்டியோடு விலை கேட்க வேண்டும். எதிராளி நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு தெளிந்து பாதி சொல்ல வேண்டும். அந்தப் பாதியிலிருந்து இருவரும் கௌரவமாக இறங்கி வந்து கை குலுக்க வேண்டும்.

ஆகவே, கிளை வேண்டியவர் மரத்தைக் கேட்டார்.

மரம் தக்கை ஓக். ஒயின் புட்டிகளின் வாயை அடைக்கிற மரம். அதிகாரிகளின் வாயை அடைக்கும் தக்கையை மட்டும் அது இன்னும் தரவில்லை. எவாரிஸ்துவின் மனைவி தியோலிந்தாவின் கொள்ளுத்தாத்தா காலத்திலேயே அது பெரிய மரம். பட்டை உரித்த கோடையில் அடிமரம் ரத்தச் சிவப்பாக நிற்கும். பிறகு மெல்லக் கறுத்து, ஒன்பது வருஷம் பொறுத்து மறுபடியும் பட்டை கொடுக்கும். கொட்டை உதிர்ந்தால் பன்றிகள் ஓடி வரும். அந்த மரத்தை வெட்ட எவாரிஸ்து கனவிலும் நினைத்ததில்லை. அதைக் கேட்டது வெறும் பேச்சு.

கிளை பிளந்தது பிப்ரவரிப் புயலில். அப்போது பிளவில் ஒரு காசைச் செருகலாம். மே மாதத்தில் விரலை விடலாம். ஆகஸ்டில் மகள் கிராசியெத் பிரான்சிலிருந்து வருகிறாள், நாலு மாதக் கைக்குழந்தையோடு. குழந்தைக்கு என்று தியோலிந்தா சுண்ணாம்பு அடித்து, திரை தைத்து, தொட்டில் போட்டு வைத்திருந்த முன் அறை அந்தக் கிளைக்கு நேர் கீழே இருந்தது.

காற்றடித்தால் இந்த மரங்கள் கிளையை இறுகப் பிடித்துக்கொள்ளும். காற்றே இல்லாத ஆகஸ்ட் மத்தியானத்தில், இலை அசையாத வெயிலில், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விட்டுவிடும். தியோலிந்தாவின் சித்தப்பா ஒருவருடைய கோவேறு கழுதை அப்படித்தான் போனது. அது நிழலுக்கு ஒதுங்கி நின்றிருந்தது.

தேசியத் தக்கை ஓக் மரபுரிமை உயர்பீடத்தின் மாவட்ட அலுவலகத்தில் டாக்டர் ஒர்த்தென்சியா உட்கார்ந்திருந்தார். எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்பதில்லை. அந்த நாட்டில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் டாக்டர்கள்.

"என்ன வேணும்?" என்றார்.

"மரத்தை வெட்டணும் டாக்டரம்மா."

டாக்டர் ஒர்த்தென்சியாவின் கையிலிருந்த பேனா விழுந்தது. எவாரிஸ்துவுக்குத் திருப்தி. எதிராளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாயிற்று. நல்ல ஆரம்பம்.

"எந்த மரத்தை?"

"வீட்டை ஒட்டி நிக்குதே, தக்கை ஓக். அடியோட."

"அடியோடயா!"

"வேரோட குடுத்தாலும் சரிதான்."

டாக்டர் ஒர்த்தென்சியா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். எவாரிஸ்து கைகளைக் கட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்து விலைக்காகக் காத்திருந்தார். வரவில்லை. ஒரு ஈ ஜன்னலில் முட்டிக்கொண்டிருந்தது. சரி, புது வியாபாரி, பழக்கமில்லை போலிருக்கிறது என்று அவரே ஒரு படி இறங்கினார்.

"உங்க முகத்துக்காகச் சொல்றேன். பாதி மரம்."

"பாதி மரமா?"

"மேல் பாதி. அடிமரத்தை நீங்களே வச்சுக்குங்க."

"ஐயா, உங்களுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?"

"ரொம்ப அழுத்தறீங்க டாக்டரம்மா. சரி, கடைசி. ஒரு கிளை. கூரைமேல தொங்குது பாருங்க, அந்த ஒரே ஒரு கிளை. அதுக்குக் கீழ நான் இறங்கினா என் பொண்டாட்டி என்னை வீட்டுல சேத்துக்க மாட்டா."

"முதல்ல மரம்னீங்க. அப்புறம் பாதின்னீங்க. இப்போ கிளைங்கறீங்க. எது உண்மை?"

"கிளைதான் உண்மை."

"அப்போ மரம்?"

"அது பேச்சுக்கு."

"உயர்பீடத்துல பேச்சுக்குன்னு ஒண்ணு கிடையாது" என்றார் டாக்டர் ஒர்த்தென்சியா. குரலில் கோபம் இல்லை, ஒரு நர்ஸின் பொறுமை இருந்தது. "ஒரு மரத்தை வெட்டணும்னு நீங்க வாயால சொன்ன நிமிஷத்துலேருந்து அந்த மரம் ஆபத்துல இருக்கு. ஆபத்துல இருக்கற மரத்தோட கிளையை வெட்ட நாங்க எப்படி விடுவோம்?"

"அப்போ நான் கேக்கவே இல்லேன்னு வச்சுக்குங்க."

"கொல்லப் போறேன்னு வந்து சொல்லிட்டு, சும்மா சொன்னேன்னு சொன்னா, போலீஸ்ல விட்டுடுவாங்களா?"

"நேரா வந்து கிளையை மட்டும் கேட்டிருந்தா?"

"கிளையா? ஆபத்தான கிளைக்கு அன்னிக்கே அனுமதி. நானே கையெழுத்துப் போடுவேன்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எவாரிஸ்து இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டார்.

வாசலிலேயே தியோலிந்தா பிடித்துக்கொண்டார். "என்ன மனுஷா, கிளை கிடைச்சுதா?"

"இல்ல."

"ஏன்?"

"மரத்தைக் கேட்டேன்."

தியோலிந்தா பூண்டு இடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "கவர்மென்ட்டு ஆபீசுக்குப் போய் மாட்டு மணி பேரம் பேசிட்டு வந்தியா?"

"அவங்க இறங்குவாங்கன்னு நெனச்சேன்."

"அவங்க என்ன அவங்க அப்பன் சொத்தையா விக்கறாங்க, இறங்கறதுக்கு? என்னைப் பொண்ணு கேக்க வந்தப்போ எங்க அக்காவையும் சேத்துக் கேட்ட ஆளுதானே நீ!"

"அப்போ வேலைக்காச்சே!"

"போ, கொத்தமல்லி பறிச்சுட்டு வா."

மறுவாரம் ஜீப் வந்தது. டாக்டர் ஒர்த்தென்சியா இறங்கினார். கூடவே பெட்டிகளும் கம்பிகளுமாக இரண்டு பேர் இறங்கினார்கள். மரத்தின் மார்பில் ஒரு கருவியை வைத்துக் கேட்டார்கள். இலையைப் பறித்து உறையில் போட்டார்கள். பிறகு மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்று, மரத்தை அன்பாகவும் வீட்டைச் சந்தேகமாகவும் பார்த்தார்கள்.

"பிளவைப் பாருங்க டாக்டரம்மா" என்றார் எவாரிஸ்து. "ரெண்டு விரல் போகுது."

"நாங்க அதைப் பிளவுன்னு சொல்றதில்ல. வாழிடம்."

"யாருக்கு?"

"வௌவால் வரலாம். சின்ன ஆந்தை வரலாம்."

"என் பேத்தி வர்றா டாக்டரம்மா."

"அவ எங்க பட்டியல்ல இல்லையே."

அடிமரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையில் சுண்ணாம்பு வாளியோடு ஒருவன் சுற்றி நடந்தான். இதுதான் பாதுகாப்பு வட்டம். வட்டம் முற்றத்தைக் கடந்து, வாசல் வழியாக உள்ளே போய், சமையலறையில் மேஜையின் குறுக்கே ஏறி இறங்கி, பின்பக்கத்தால் வெளியே வந்தது. சுண்ணாம்புக்காரன் ஒழுங்கானவன். மேஜைமேல் இருந்த ரொட்டியை எடுத்துப் பிடித்துக்கொண்டு கோட்டைப் போட்டுவிட்டு, ரொட்டியை அதே இடத்தில் வைத்தான்.

வட்டத்துக்குள் நெருப்பு கூடாது. அடுப்பு வட்டத்துக்குள் இருந்தது. அடுப்பைப் பிடுங்கிப் பன்றிக் கொட்டிலுக்கு மாற்றினார்கள். ஓசை கூடாது. எவாரிஸ்துவின் மணிகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டு அரக்கு வைத்தார்கள். பின்னால் இருந்த கிடங்கு அறை வேர்மேல் நிற்பதாகத் தெரிந்தது. கிளை எட்டாத ஒரே அறை அதுதான். புருஷனும் பெண்டாட்டியும் அதில்தான் படுத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பூட்டிச் சீல் வைத்தார்கள்.

"அப்போ நாங்க எங்க தூங்கறது?" என்றார் தியோலிந்தா.

"முன் அறையில தூங்கலாம். தடையே இல்ல. தூங்கறதால மரத்துக்குப் பாதிப்பு இல்ல."

"அதுக்கு நேர் மேலதான் கிளை இருக்கு."

"அங்கதான் தூங்கணும்னு உயர்பீடம் சொல்லலையேம்மா. வேற எங்கயும் தூங்கக் கூடாதுன்னுதான் சொல்லுது."

போகும்போது ஒரு காவலனையும் விட்டுப் போனார்கள். ஊர் முடிதிருத்துபவரின் மகன் ஜசிந்து. தொப்பி கொடுத்திருந்தார்கள், ஒரு மடக்கு நாற்காலி கொடுத்திருந்தார்கள். அவன் நாற்காலியை நடு முற்றத்தில், கொளுத்தும் வெயிலில் போட்டு உட்கார்ந்தான்.

"ஏண்டா ஜசிந்து, இவ்வளவு பெரிய நிழல் இருக்கறப்போ வெயில்ல வேகறே?"

"நிழல்ல உக்காந்தா மண்டை போயிடும் மாமா. கிளை நிக்கற நிலையைப் பாத்தீங்களா?"

"அதை உங்க ஆபீசுல சொல்லேன்."

"கிளையைப் பத்திப் பேச எனக்கு அதிகாரம் இல்ல மாமா. வெட்ட வர்றவனைப் பத்தி மட்டும்தான்."

"ஒரு ரம்பத்தை எடுத்துட்டு நானே ஏறினா?"

"புடிச்சுக் குடுக்கணும். வீட்டையும் எழுதி வாங்கிக்குவாங்க. அது தானா விழுந்தா நாம ரெண்டு பேரும் நின்னு வேடிக்கை பாக்கலாம். அதுக்குத் தடை இல்ல."

ஜூலையில் பிளவுக்குள் நாலு விரல் போயிற்று. மத்தியானங்களில் ஊரே கதவடைத்துப் படுத்திருக்கும்போது எவாரிஸ்துவும் தியோலிந்தாவும் முன் அறைக் கட்டிலில் மல்லாந்து கிடந்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே இலை அசையாது. சில்வண்டுகூட ஓய்ந்திருக்கும். அந்த அமைதியில் ஓட்டின்மேல் எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். இருவரும் மூச்சை நிறுத்துவார்கள். காத்திருப்பார்கள். ஒன்றும் நடக்காது. தியோலிந்தா மெதுவாகச் சொல்வார்: "காத்தடிக்கட்டும் தாயே, கொஞ்சம் காத்தடிக்கட்டும்." கல்யாணமான நாளிலிருந்து காற்றைத் திட்டியே வந்த பெண் அவர்.

"குழந்தையை அடுத்த வீட்டு ஜெர்த்ரூதிஸ்கிட்ட படுக்க வைக்கலாமே" என்றார் எவாரிஸ்து ஒருநாள்.

"என் பேத்தி, நான் உயிரோட இருக்கறப்போ, ஜெர்த்ரூதிஸ் வீட்டுலயா? அவ சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவா. செத்த பிறகும் யாரையாவது விட்டுச் சொல்லச் சொல்லுவா."

எவாரிஸ்து நாலு தடவை தலைநகருக்குப் போனார். முதல் தடவை, ஆபத்தில் இருக்கும் மரம் இப்போது ஆபத்திலிருந்து காக்கப்பட்ட மரமாக உயர்ந்திருக்கிறது என்றார்கள். இரண்டாவது தடவை, காக்கப்பட்ட மரம் முன்மாதிரி மரமாகியிருந்தது. மூன்றாவது தடவை போனபோது அது தேசத்தின் கண்மணியாகியிருந்தது. தலைமை இயக்குநரே லிஸ்பனிலிருந்து வந்து கல்வெட்டுத் திறக்கப்போகிறார் என்றார்கள். நாலாவது தடவை அவரை உள்ளே விடவில்லை. மரத்துக்கு எதிராளி என்ற முறையில் அவர் அலுவலகத்தில் நுழைவது மரத்தை மிரட்டுவதாகும் என்று வாசல்காரன் விளக்கினான்.

விழாவுக்கு முதல் நாள் கிராசியெத் வந்துவிட்டாள். இரண்டு நாள் கார் ஓட்டிவந்த களைப்பிலும் வாசலில் நின்று சிரித்தாள். "அப்பா, இது என்ன வீட்டுக்குள்ள கோடு? கால்பந்து ஆடறீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. தியோலிந்தா குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். குழந்தையின் பெயர் நொயெமியா. அதற்கு எவாரிஸ்துவின் காதுகள். அன்று பூராவும் அதை எல்லோரும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஆலிவ் மரங்களுக்கு இடையே நடந்துகொண்டே இருந்தார்கள். தொட்டில் காலியாகவே கிடந்தது. எவாரிஸ்து பிளவைப் போய்ப் பார்த்தார். முஷ்டி முழுதாக உள்ளே போயிற்று.

மறுநாள் காலையிலேயே பந்தல்காரர்கள் வந்தார்கள். ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையும் வந்தது. கோடையில் அவர்கள் இல்லாமல் அந்தப் பக்கத்தில் ஒரு கல்யாணம்கூட நடக்காது. கயிறு, ஏணி, மின்ரம்பம் எல்லாம் வண்டியில் மின்னின. எவாரிஸ்து நாற்காலிகள் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தின் மேற்குப் பக்கம் முழுவதும் நல்ல நிழல். ஆனால் பந்தலைக் கிழக்கே, வெட்டவெளியில், கிளை எட்டவே எட்டாத தூரத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"டாக்டரம்மா, நாற்காலியை ஏன் நிழல்ல போடல?"

டாக்டர் ஒர்த்தென்சியா வேறு பக்கம் பார்த்தார். "புகைப்படத்துக்கு அந்தக் கோணம்தான் சரியா வரும்."

எவாரிஸ்து இத்தனை நாளும், இவர்களுக்குத் தெரியவில்லை, எப்படியாவது புரியவைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். தெரியும். எல்லோருக்கும் தெரியும். கிளைக்குக் கீழே அவர்களுடையது எதுவும் இல்லை, அவ்வளவுதான். சரக்கில் பங்கில்லாதவனோடு இந்தக் கோடை முழுவதும் பேரம் பேசியிருக்கிறோமே என்று சந்தைக்காரருக்கு உள்ளூர வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் அந்தக் கார் வந்தது. கறுப்பு. புதியது. அதிலிருந்து தலைமை இயக்குநர் டாக்டர் எஞ்சினியர் பெர்னார்தினு இறங்கிப் பந்தலுக்கு நடந்தார். இரண்டு பட்டங்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று ஜசிந்து காலையிலேயே எல்லோரையும் எச்சரித்திருந்தான். ஒன்றை விட்டுவிட்டால் மற்றது கோபித்துக்கொள்ளுமாம்.

டிரைவர் அமாந்தியு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வெயிலைப் பார்த்தான். எவாரிஸ்து பக்கத்தில் போய் நின்றார்.

"அழகான வண்டி."

"அழகுக்கென்ன, அடுப்பு. தோல் சீட்டு. போன வாரம் வெயில்ல நிறுத்திட்டேன்னு ஐயா ஊரைக் கூட்டிக் கத்தினாரு."

"நிழலா வேணும் தம்பி? இந்த மாவட்டத்துலயே இதைவிடப் பெரிய நிழல் கிடையாது. வா, வா, சுவரை ஒட்டி விடு. இன்னும் கொஞ்சம் பின்னால. ஆங், அப்படியே."

வெயிலில் உட்கார்ந்திருந்த ஜசிந்து வாயைத் திறந்தான். கிளையைப் பற்றிப் பேசத் தனக்கு அதிகாரம் இல்லை என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டான்.

"சாப்பிட்டியா?" என்றார் எவாரிஸ்து.

"எங்க? விடியற்காலையில கிளம்பினது."

"ஊருக்குள்ள போ. சாவடியைத் தாண்டினா மதுக்கடை. நத்தை வெந்துட்டிருக்கும் இப்போ. எவாரிஸ்து அனுப்பினார்னு சொல்லு. சொற்பொழிவு முடியறதுக்குள்ள ரெண்டு தட்டு சாப்பிட்டுடலாம்."

கார் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அமாந்தியு நடந்து போனான்.

டாக்டர் எஞ்சினியர் பெர்னார்தினு ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார். காற்று செத்திருந்தது. பந்தல் துணி அசையவில்லை.

"இந்த மரம் யாருடையது?" என்று தொடங்கினார். "பட்டை, இதோ இந்த எளிய குடும்பத்துக்கு உரியது. நிழல் தேசத்துக்கு உரியது. கொட்டை ஐரோப்பாவுக்கு. இதன் அழகு மனிதகுலம் முழுமைக்கும். இதற்குப் பன்றிகளும் ஒத்துழைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

கைதட்டினார்கள்.

"உயர்பீடம் தோன்றிய நாளிலிருந்து நம் கண்காணிப்பில் எத்தனையோ மரங்கள் பட்டுப்போயிருக்கின்றன. ஆனால் பெருமையோடு சொல்கிறேன், அவற்றில் ஒன்றுகூட அனுமதி பெறாமல் வெட்டப்படவில்லை. நின்றபடியே, கௌரவமாக, முழுப் பாதுகாப்புடன் பட்டுப்போயின!"

மறுபடியும் கைதட்டினார்கள். எவாரிஸ்து கிளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"சிலர் கேட்கலாம்: மரத்துக்கும் வீட்டுக்கும் தகராறு என்றால் உயர்பீடம் யார் பக்கம்? நண்பர்களே, நான் அறிவியல்காரன். மரம் இந்த மண்ணின் பூர்வீக இனம். வீடு அப்படியல்ல. மரத்துக்கு இங்கே வேர் இருக்கிறது. வீட்டுக்கு வெறும் அஸ்திவாரம்தான். ஆகவே, இலையுதிர்காலம் தொடங்குமுன் இந்த அயல் இனத்தை இங்கிருந்து அகற்றி, மரத்துக்கு அதன் தனிமையைத் திருப்பித் தருவோம் என்பதை இந்த மேடையில் மகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன்!"

எல்லோரும் கைதட்டினார்கள். தீயணைப்புப் படைத் தலைவர் மட்டும் தட்டப்போன கையைக் கீழே போட்டுக்கொண்டார். தியோலிந்தா கணவரின் முழங்கையைப் பிடித்தார். நகம் பதிந்தது.

"மனுஷா, அவன் என்ன சொல்றான்? வீட்டை இடிக்கவா?"

எவாரிஸ்து திரும்பினார். அவருடைய கண் வேறு எதையோ தேடியது. தியோலிந்தாவின் கை காலியாக இருந்தது. பக்கத்தில் நின்ற கிராசியெத்தின் கையும் காலி.

"குழந்தை எங்கே?"

"வெயில் தாங்காம அழுதாப்பா" என்றாள் கிராசியெத். "ரெண்டே நிமிஷம்னு உள்ள தொட்டில்ல போட்டேன். அங்கதான் குளுகுளுன்னு இருக்கு. இப்பத்தான் தூங்கினா."

அப்போது கிளை பேசியது. முறிவுச் சத்தம் அல்ல. பழைய கதவை யாரோ யோசித்து யோசித்துத் திறப்பதுபோல ஒரு நீண்ட முனகல். ஒரு துண்டுப் பட்டை பெயர்ந்து, சுழன்று, காரின் முன்மூடியில் விழுந்தது. ஒலிபெருக்கி அந்தச் சத்தத்தை ஊருக்கே அறிவித்தது.

"குழந்தை உள்ள இருக்கு!" என்று கத்திக்கொண்டே எவாரிஸ்து ஓடினார். கிராசியெத் அவரை முந்திக்கொண்டு ஓடினாள்.

"கார்!" என்று அலறினார் டாக்டர் எஞ்சினியர் பெர்னார்தினு. "கார் அங்கே எப்படிப் போனது? அமாந்தியு! அமாந்தியு எங்கே?"

"நத்தை சாப்பிடப் போயிருக்காரு டாக்டர் எஞ்சினியர் ஐயா" என்றான் ஜசிந்து.

"அது அரசாங்கச் சொத்து! யாராவது எதையாவது செய்யுங்கள்!"

"ஐயா, வீட்டுக்குள்ள ஒரு குழந்தை..." என்றார் தீயணைப்புத் தலைவர்.

"விஷயங்களைக் கலக்காதீர்கள்! முதலில் கார்! அந்தக் கிளையை வெட்டுங்கள்!"

"கிளையையா?" டாக்டர் ஒர்த்தென்சியாவின் முகம் வெளுத்தது. "ஐயா, அது கண்மணி மரம்…"

"வெட்டுங்கள் என்றேன்! வாய்மொழி உத்தரவு! அவசரம்! தேசம்!"

அவர் அடுத்த வார்த்தையைத் தேடுவதற்குள் தீயணைப்புக்காரர்கள் ஏணியைச் சாய்த்துவிட்டார்கள். கிளையின் இடுப்பில் இரண்டு கயிறுகள் ஏறின. ஆறு பேர் மரத்தைச் சுற்றிக் கயிற்றை இழுத்துப் பிடித்துக் காலை ஊன்றினார்கள். ரம்பம் உறுமியது. உள்ளே போன கிராசியெத் இன்னும் வரவில்லை. தொட்டிலுக்குப் போட்ட கொசுவலை அவள் விரலில் சிக்கிக்கொண்டிருந்தது. எவாரிஸ்து வலையை இரண்டாகக் கிழித்தார். தலைக்கு மேல் ஓடுகள் ஒன்றோடொன்று பல்லைக் கடித்தன. குழந்தையை அவளிடம் அள்ளிக் கொடுத்து, மகளைத் தன் முதுகுக்குக் கீழே குனியவைத்து, இருவரையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்து விழுந்தார்.

கிளை கயிறுகளில் ஒரு கணம் ஊஞ்சலாடியது. பிறகு கூரையை உரசாமல், காரைக் கீறாமல், ஆறு பேரின் கைத்தோலை உரித்துக்கொண்டு, பெருமூச்சோடு தரையில் இறங்கியது. நொயெமியா கண்ணைத் திறந்து, கூட்டத்தைப் பார்த்து, கொட்டாவி விட்டாள்.

டாக்டர் எஞ்சினியர் பெர்னார்தினு கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். ஒலிவாங்கிக்குத் திரும்பி, உயர்பீடத்தின் விரைவான நடவடிக்கையால் ஒரு பேரிழப்பு தவிர்க்கப்பட்டது என்றார். முன்மூடியில் சிறு கீறல்கூட இல்லை என்றார். குழந்தையைப் பற்றிப் பேசவில்லை; விஷயங்களைக் கலக்க அவர் விரும்பவில்லை.

லிஸ்பனில் அன்று மாலை அவருக்கு அமைச்சர் வீட்டு விருந்து. நத்தை மணக்க அமாந்தியு ஓடி வந்தான். காரைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு நின்றான். பின்னால் பன்றிக் கொட்டில். ஒரு பக்கம் வீட்டுச் சுவர். மறுபக்கம் அடிமரம். முன்னால், வழியை முழுசாக அடைத்துக்கொண்டு, கிளை.

"இதை இழுத்துப் போடுங்கள்" என்றார் டாக்டர் எஞ்சினியர் பெர்னார்தினு.

தீயணைப்புக்காரர்கள் கயிற்றை எடுத்தார்கள். டாக்டர் ஒர்த்தென்சியா தொண்டையைச் செருமினார்.

"ஐயா, நம்ம விதிதான்... நிக்கற மரம் தேசத்தோடது. விழுந்த கட்டை நிலத்துக்காரரோடது. அவர் சொல்லாம தொட்டா திருட்டு. இத்தனை புகைப்படக்காரங்க வேற நிக்கறாங்க."

தீயணைப்புக்காரர்கள் கயிற்றைக் கீழே போட்டார்கள். உள்ளங்கை எரிந்துகொண்டிருந்த அவர்களுக்கு அந்த விதி மிகவும் பிடித்திருந்தது.

டாக்டர் எஞ்சினியர் பெர்னார்தினு, பேத்தியின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த எவாரிஸ்துவிடம் வந்தார். முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஐயா, உங்க கிளையைக் கொஞ்சம் நகத்தணும்."

எவாரிஸ்துவுக்குக் காலடியில் சந்தை மண் தட்டுப்பட்டது போலிருந்தது. எதிரே வந்து நிற்பது ஒரு வாடிக்கையாளர். நேரமில்லாத வாடிக்கையாளர்.

"நகத்தறதா?" என்று இழுத்தார். "மனசு வரலியே டாக்டர் எஞ்சினியர் ஐயா. எங்க வீட்டுக் கூரையைவிட வயசான கிளை. பாரம்பரியம்."

"என்ன வேணும் உங்களுக்கு?"

"உயர்பீடம் போயிடணும்."

"இந்த முற்றத்தை விட்டா?"

"அலென்தெஜுவை விட்டு."

"அலென்தெஜுவை விட்டா!" டாக்டர் எஞ்சினியர் பெர்னார்தினு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். தெளிந்தார். "நடக்கற காரியமாச் சொல்லுங்க. வீட்டுல பாதியை நீங்களே வச்சுக்கலாம். கோட்டுக்கு அந்தப் பக்கம்."

தியோலிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "மனுஷா, வாயை வச்சுக்கிட்டு இந்தத் தடவையாவது…"

எவாரிஸ்து பேத்தியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, வாடிக்கையாளருக்கு முதுகைக் காட்டி, வீட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

"நில்லுங்க!" என்றது பின்னால் குரல். "வீடு முழுசா!"

எவாரிஸ்து நடந்தார்.

"கிடங்கையும் தெறந்துவிடறோம்!"

நடந்தார்.

"அடுப்பு! மணி! காவல்காரன்! எல்லாத்தையும் பழையபடி பண்ணிடறோம், ஐயா!"

வாசலுக்கு இன்னும் சில அடிகள் இருந்தன. எவாரிஸ்து நடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.